பிள்ளைகள் வரைந்த நம் வரலாறு

(சங்கத்தின் பொன்விழாக் குடும்ப நாளில் ஆற்றிய உரை)





சாப்பாட்டுக்கு முன்னால் பேசுகிறவன் சுருக்கமாகப் பேச வேண்டும் என்று அத்தா காலையிலேயே எச்சரித்து அனுப்பியிருக்கிறார். நான் ஆசிரியர் அல்ல. மசாலாப் பொருள் மொத்த வியாபாரம் செய்கிறவன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிஜிட்டல் ஊடகம் படித்து டிப்ளோமா வாங்கினேன். வாங்கிய மறுமாதமே கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். படித்த படிப்பு எதற்குப் பயன்பட்டது என்றால், மிளகாய்த்தூள் பாக்கெட்டுக்கு லேபிள் செய்வதற்கும், கடைவாசலில் தொங்கும் ‘எங்கள் கதை’ பலகையை வடிவமைப்பதற்கும். அந்தப் பலகையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பொன்விழாவுக்கு இளையர் பிரிவு ஏதாவது செய்ய வேண்டும் என்று செயலவை கேட்டபோது, நம் சமூக வரலாறு பற்றிக் கட்டுரைப் போட்டி வைக்கலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். கட்டுரைப் போட்டி எப்படி நடக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும். அம்மா எழுதித் தருவார், பிள்ளை பார்த்து எழுதும், பரிசு அம்மாவுக்குத்தான் போய்ச் சேர வேண்டும். நான் படக்கதை என்றேன். கூட்டத்தில் ஒரு சிறு சிரிப்பு எழுந்தது. முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்த பெரியவர்கள் சிலர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். இரும்புக்கை மாயாவியைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்தவர்கள் அவர்கள். அவர்கள்தான் என் பக்கம் நின்றார்கள்.

இப்படியாக 10 சனிக்கிழமைகள், மதியம் 3 மணி முதல் 5 மணி வரை, சங்கத்தின் மாடி அறையில் 14 பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரிடமும் பள்ளிப் பாடத்துக்கான சொந்தக் கருவி இருக்கிறது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டில் சும்மா கிடந்த பழைய டேப்லெட்டுகளைக் கேட்டு வாங்கினோம். ஒவ்வொருவரும் 8 கட்டங்கள் கொண்ட ஒரு படக்கதை செய்ய வேண்டும். தமிழில் எழுத வேண்டும். அவ்வளவுதான் விதி என்று நினைத்துத் தொடங்கினேன்.

முதல் வாரம் முழுவதையும் எழுத்துருவே தின்றுவிட்டது. சில வரைபடச் செயலிகளில் தமிழைத் தட்டினால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கிறது. ‘கொடி’ என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறிக் கிடக்கிறது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். கடைசியில் வசனத்தை வேறொரு செயலியில் செல்லினம் விசைமுகத்தால் அடித்து, படமாக மாற்றி, பேச்சுக் குமிழுக்குள் ஒட்டினோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இதே போல வகுப்பு நடத்த நினைக்கிற வேறு சங்கத்தார் இங்கே வந்திருக்கிறீர்கள். முதல் நாளே இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வாரம் தெலுக் ஆயர் தெருவுக்குப் போனோம். நாகூர் தர்கா, அதற்கு அடுத்து தியான் ஹோக் கெங் கோயில், இன்னும் கொஞ்சம் நடந்தால் அல்-அப்ரார் பள்ளிவாசல். மூன்றும் ஒரே தெருவில், ஒரே பக்கம். தர்கா 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்டது. பள்ளிவாசலும் தர்காவும் 1974இல் தேசிய நினைவுச் சின்னங்கள் ஆயின. இதெல்லாம் தகவல் பலகையில் இருக்கிறது. பிள்ளைகள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்கள். பஸ் ஏறுவதற்கு முன் 11 வயதுப் பையன் ஒருவன் கேட்டான்: “மாமா, கப்பலில் வந்து இறங்கியவர்கள் நன்றி சொல்லி இங்கே தொழுதார்கள் என்றீர்கள். கடல் எங்கே?”

நான் கையை நீட்டினேன். நீட்டிய திசையில் அலுவலகக் கட்டடங்கள்தான் நின்றன. தெலுக் ஆயர் என்ற மலாய்ப் பெயரிலேயே வளைகுடா இருக்கிறது. ஒரு காலத்தில் அந்தத் தெருவே கடற்கரை. 1880களில் கடலைத் தூர்த்துத் தரையாக்கினார்கள். எனக்கு இது தெரியும், எத்தனையோ முறை பிறருக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அந்தப் பையன் கேட்டது வேறு. தர்காவின் வாசலை வரைந்தால், வாசலுக்கு எதிரில் என்ன வரைவது? தண்ணீர் எத்தனை அடி தூரத்தில்? மணலா, சேறா, படிக்கட்டா? கட்டுரையில் ‘நம் முன்னோர் கடல் கடந்து வந்து கரைசேர்ந்தனர்’ என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். வரைகிறவனுக்கு அது போதாது. அவன் கட்டத்தின் அடிப்பகுதியில் ஏதாவது ஒன்றை வரைந்தாக வேண்டும்.

அல்-அப்ரார் பள்ளியிலும் இப்படித்தான். அதை நம் பெரியவர்கள் குச்சுப் பள்ளி என்பார்கள். பிள்ளைகளுக்குக் ‘குச்சு’ என்ற சொல்லே தெரியவில்லை. சின்னக் குடிசை என்றேன். உடனே ஒருத்தி தான் வரைந்திருந்த செங்கல் கட்டடத்தை அழித்தாள். 1827இல் அங்கே பள்ளி தொடங்கியபோது கூரைக் குடிசைதான். இப்போது நாம் பார்க்கிற கட்டடம் 1850களில் எழுந்தது. பெயரிலேயே வரலாறு இருந்திருக்கிறது. எத்தனை வருடமாக அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்! ஒரு படம் வரைய வேண்டி வந்தபோதுதான் அதன் பொருளை யோசித்தோம்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றாவது வாரம் 14 வயதுப் பையன் ஒருவன் எட்டுக் கட்டத்தையும் முடித்துக்கொண்டு வந்து நின்றான். அழகென்றால் அழகு. ‘1830 சிங்கப்பூர், தமிழ் முஸ்லிம் வணிகர்’ என்று கேட்டிருக்கிறான், கணினி வரைந்து கொடுத்திருக்கிறது. வணிகர் தலையில் அரண்மனைத் தலைப்பாகை, இடுப்பில் வாள், பின்னால் தாஜ்மகால் போல ஒரு குவிமாடம். நான் திட்டவில்லை. “இந்த வாள் உனக்கு எப்படித் தெரியும்?” என்று மட்டும் கேட்டேன். அவனும் நல்ல பிள்ளை, சிரித்துவிட்டு அழித்தான். அன்றிலிருந்து இரண்டாவது விதி ஒன்று வந்தது. ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் ஒரு புள்ளி வைக்க வேண்டும். கண்ணால் பார்த்தது, ஆவணத்தில் இருப்பது என்றால் பச்சை. யாரோ ஒருவர் சொன்னது என்றால் நீலம், சொன்னவர் யார் என்று கீழே எழுத வேண்டும். சொந்தக் கற்பனை என்றால் சிவப்பு. கற்பனை தவறில்லை, புள்ளியை மறைப்பதுதான் தவறு என்றேன்.

இங்கே பள்ளிகளில் வரலாற்றுப் பாடத்தில் ஆதாரங்களைக் கொடுத்து, யார் சொன்னது, எப்போது சொன்னது, எதற்காகச் சொன்னது, எவ்வளவு நம்பலாம் என்று கேட்கிறார்கள். உயர்நிலைப் பிள்ளைகள் இதில் கெட்டிக்காரர்கள். ராஃபிள்ஸ் எழுதிய கடிதம் என்றால் பிரித்து மேய்ந்துவிடுவார்கள். ஆனால் அதே கேள்வியை வீட்டில் நன்னாவிடம் கேட்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றியதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைத்திருக்கிறார்கள்.

சில பெற்றோர் என்னிடம் தனியாக வந்து, உயிருள்ளவற்றை வரைவது கூடுமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆலிம்ஸாவிடம் கேட்டோம். நபிமார்கள், சஹாபாக்கள், வலிமார்கள் யாரையும் வரையக்கூடாது என்பதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. நாகூர் ஆண்டவர்களின் பெயர் வரும் கட்டத்தில் கட்டடம் மட்டும்தான் இருக்கும். மற்றபடி, பிள்ளைகள் முகம் வரைவதை விரும்பாத குடும்பங்கள் அப்படியே இருக்கட்டும், முகம் இல்லாமலே கதை சொல்லலாம் என்று முடிவு செய்தோம். இது வகுப்புக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று எண்ணினேன். என் எண்ணம் தவறு. அந்தப் பிள்ளைகள் முதுகு, கால், கை, நிழல், கழற்றிப் போட்ட செருப்பு என்று வரைந்தார்கள். ஒரு பையன் தன் பாட்டனார் கதை முழுவதையும் செருப்புகளாகவே வரைந்திருக்கிறான். அதோ படிக்கட்டுப் பக்கம் ஒட்டியிருக்கிறோம், சாப்பாட்டுக்குப் பிறகு பாருங்கள்.

என் அக்காவும் முகம் வேண்டாம் என்றவர்களில் ஒருவர். அக்கா மகளுக்கு 13 வயது. அவள் எடுத்துக்கொண்டது எங்கள் சொந்தக் குடும்பக் கதை. என் நன்னா, அவளுக்குக் கொள்ளு நன்னா, 1951இல் ரஜுலா கப்பலில் வந்தார்.

ரஜுலா என்றதும் இங்கே பல தலைகள் நிமிர்கின்றன. பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். 1926இல் கட்டிய கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை நம் ஆட்களைச் சுமந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும். படகில் போய், அலை ஏறி இறங்கும்போது தாவித்தான் ஏற வேண்டும். மேல்தளப் பயணி என்றால் திறந்த தளத்தில் பாய் விரித்த இடம்தான் வீடு. அக்கா மகள் இதற்குப் பழைய கப்பலின் புகைப்படத்தைத் தேடிப் பிடித்து, பச்சைப் புள்ளி வைத்து அருமையாக வரைந்தாள். படகிலிருந்து கயிற்றைப் பிடிக்கும் ஒரு கை. நன்னாவின் கை.

அதற்கு முந்தைய கட்டம் ஊரில் வழியனுப்புவது. வீட்டு வாசல். சாப்பாட்டு மூட்டையை நீட்டும் நன்னியின் இரண்டு கைகள். புதுப்பெண் என்பதால் இரண்டு கையிலும் தங்க வளையல்களை அடுக்கியிருந்தாள். முகம் இல்லாததால் முழுக் கவனத்தையும் வளையலில் வைத்திருந்தாள் பிள்ளை. நன்னி மவுத்தாகிப் பல வருடங்கள் ஆகின்றன. அல்லாஹ் அவர்களின் மண்ணறையை ஒளியாக்குவானாக. நன்னியின் தங்கை, நாங்கள் சின்ன நன்னி என்போம், இன்னும் ஊரில் இருக்கிறார். மூட்டை என்ன துணியில் கட்டியிருந்தது என்று கேட்பதற்காக அக்கா மகள் வாட்ஸ்அப்பில் அழைத்துப் படத்தைக் காட்டினாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

சின்ன நன்னி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: “மூட்டையெல்லாம் சரிதாம்மா. அவ கையில ஏது வளையலு? அத வித்துத்தானே கப்பலுக்கு டிக்கெட்டு எடுத்தது. நாந்தானே கூடப் போனேன், எனக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தா.”

நான் ஒன்றும் பேசவில்லை. எங்கள் கடைவாசல் பலகையில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? ‘சொந்த உழைப்பில் சேர்த்த காசோடு கப்பலேறி வந்தவர் எங்கள் பாட்டனார்’. எழுதியவன் நான். அத்தா சொன்னதை எழுதினேன், அத்தாவுக்கு நன்னா சொன்னது அது. எத்தனையோ வாடிக்கையாளர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த சனிக்கிழமை நான் செய்ததை இங்கே மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அக்கா மகளிடம், “வளையலும் வேண்டாம், வெறுங்கையும் வேண்டாம். முந்தானையால் கையை மூடினது மாதிரி வரைந்துவிடு. சின்ன நன்னிக்கு அப்போது 10 வயது, என்ன ஞாபகம் இருக்கப் போகிறது” என்றேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. சொன்னபடி முந்தானையை இழுத்துக் கையை மூடி வரைந்தாள். வரைந்து முடித்து, மூலையில் சிவப்புப் புள்ளி வைத்தாள்.

“ஏன் சிவப்பு?” என்றேன்.

“இது யாரும் சொல்லலையே மாமா, நீங்களா சொன்னதுதானே” என்றாள்.

நான் போட்ட விதி அது. என்ன பதில் சொல்வேன்?

அன்று இரவு கடை அடைத்த பிறகு அத்தாவிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கல்லாச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, “எங்கம்மா கையில வளையல் பார்த்ததா எனக்கு ஞாபகமே இல்லடா. ஊர்ல மத்த பொம்பளைங்க எல்லாரும் போட்டிருப்பாங்க. ஏன்னு நான் ஒருநாளும் கேட்டதில்ல” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “உங்க நன்னா பொய் சொல்ற ஆளு இல்ல” என்றும் சொன்னார். இரண்டையும் சொன்னார். நான் இரண்டையும் கேட்டுக்கொண்டேன்.

நம் ஆண்கள் இங்கே வந்து கடை போட்டார்கள், சங்கம் கட்டினார்கள். இந்த மலரின் முதல் பக்கங்களிலும் அவர்களுடைய படங்கள்தான் இருக்கும், இருக்க வேண்டியதுதான். ஆனால் பலருடைய மனைவிமார் பல வருடம் ஊரிலேயே இருந்தார்கள். கடிதத்துக்கும் பணத்துக்கும் காத்திருந்து, பிள்ளைகளைத் தனியாக வளர்த்தார்கள். என் அத்தா தன் தகப்பனாரை முதன்முதலில் தெளிவாகப் பார்த்த நினைவே 5 வயதில்தான் என்பார். படக்கதை செய்த 14 பேரில் 9 பேர் கப்பல் கட்டம் வரைந்தார்கள். ஊரில் தங்கிவிட்ட வீட்டை வரைந்தவர்கள் முதலில் இரண்டே பேர். அக்கா மகளின் படத்தைப் பார்த்த பிறகு இன்னும் நால்வர் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து, ஆளுக்கு ஒரு கட்டத்தை மாற்றினார்கள். ஒரு வீட்டில் நிலம் அடகு போன கதை வந்தது. ஒரு வீட்டில், கேட்காதே என்ற பதில் வந்தது. அந்தப் பிள்ளை அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறான். அதையும் அப்படியே ஒட்டியிருக்கிறோம். அச்சகத்தில் ஏதோ பிழை என்று யாரும் நினைத்துவிடாதீர்கள்.

அக்கா மகளின் அந்தக் கட்டத்தை இப்போது இரண்டாகப் பிரித்திருக்கிறாள். இடது பாதியில் நன்னா கடையில் காசு எண்ணும் கை, நீலப் புள்ளி, ‘என் நன்னா சொன்னது, அவருக்கு அவர் அத்தா சொன்னது’. வலது பாதியில் சோற்று மூட்டையை நீட்டும் வெறுங்கைகள், நீலப் புள்ளி, ‘சின்ன நன்னி சொன்னது, அப்போது அவருக்கு வயது 10’. எது சரி என்று அவள் எழுதவில்லை. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாமே என்று என்னிடம் கேட்டாள். கொஞ்சம் சேமித்த காசு, மிச்சத்துக்கு வளையல். எனக்கும் அதுதான் நடந்திருக்கும் என்று படுகிறது. ஆனால் அதற்குச் சிவப்புப் புள்ளிதான் வைக்க முடியும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். 8 கட்டத்தில் அடங்காத வரலாறு நிறைய உண்டு. 1887இல் மகுதூம் சாயபு நடத்திய சிங்கை நேசன் பத்திரிகையைப் பற்றிச் செய்யப் போன ஒரு பெண், ஒரு மனிதர் மேசை முன்னால் உட்கார்ந்திருப்பதையே எட்டு முறை வரைந்து அலுத்துப்போனாள். எழுத்து, சட்டம், கணக்கு போன்றவற்றைப் படக்கதை சரியாகச் சொல்வதில்லை. சண்டையும் பயணமும் சாப்பாடும் நன்றாக வருகின்றன. தமிழிலும் பிழைகள் இருக்கின்றன. லகர ளகரத்தைத் திருத்த எனக்கும் உதவி தேவைப்பட்டது. வரையத் தெரியாது என்று இரண்டாவது வாரமே இரண்டு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். புகைப்படங்களை வைத்தே கட்டம் அமைக்கலாம் என்று அவர்களிடம் நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அந்த இருவரும் மறுபடி வரவேண்டும் என்று இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.

கடைப் பலகையை இன்னும் மாற்றவில்லை. அத்தா, “இரு, யோசிச்சுச் சொல்றேன்” என்றார். ஆறு வாரம் ஆகிறது. நேற்று அவரே என்னை அழைத்து, அந்தப் பலகையில் இன்னொரு வரி எழுத எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்டார். அளந்து பார்த்தேன். எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினால் இரண்டு வரி வரும்.

வகுப்பு மீண்டும் தொடங்குகிறது, இன்ஷா அல்லாஹ், நோன்புப் பெருநாள் முடிந்த இரண்டாவது சனிக்கிழமை. பிள்ளைகளை அனுப்புங்கள். அதைவிட, பெரியவர்கள் ஒரு மணி நேரம் வந்து உட்காருங்கள். பிள்ளைகளிடம் கேள்விப் பட்டியல் தயாராக இருக்கிறது: பழைய சங்கக் கட்டடத்தின் கதவு என்ன நிறம், முதல் நோன்புக் கஞ்சி எந்தச் சட்டியில் காய்ச்சினார்கள், அதைக் கிண்டியது யார். வீட்டில் பழைய புகைப்படங்கள் இருந்தால் எடுத்துவாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. ஆல்பத்திலிருந்து பிய்க்க வேண்டாம், ஆல்பத்தோடு கொண்டுவாருங்கள். பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் படம் எடுத்துக்கொள்வோம்.

வஸ்ஸலாம்.